அறைக்கு மாலை, ஆய்வுக்குத் தடை

சென்னையில் வாடகைக்கு வீடு தேடிய நாட்களில் ஒரு வீட்டுக்காரர் என்னிடம் முன்பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. சொந்த ஊர் எது என்று கேட்டார். ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். தெருவின் பெயரைச் சொன்னேன். கையில் இருந்த சாவி அவருடைய சட்டைப் பைக்குள் திரும்பிப் போனது. அதனாலோ என்னவோ, பழைய வீடுகளின் கதையைப் படிக்கும்போது உரிமையாளர் யார் என்பதைவிட வாடகைக்கு இருந்தவர் யார் என்றுதான் என் கண் தேடுகிறது.

லண்டன் நகரின் வடபகுதியில், பிரிம்ரோஸ் ஹில் அருகே, கிங் ஹென்றி சாலையில் 10ஆம் எண் வீடு. விக்டோரியா காலத்து மாடி வீடு. 1921-22இல் அண்ணல் அம்பேத்கர் தங்கிப் படித்த வீடு.

அந்த மண்ணின் கதை வீட்டை விடப் பழையது. ஒரு காலத்தில் அது தொழுநோயாளிப் பெண்களுக்கான புனித ஜேம்ஸ் இல்லத்துக்குச் சொந்தமாக இருந்தது. ஊரை விட்டு ஒதுக்கப்பட்டவர்களின் நிலம். 15ஆம் நூற்றாண்டில் மன்னர் ஆறாம் ஹென்றி அதைத் தான் தொடங்கிய ஈட்டன் பள்ளிக்குக் கொடுத்தார். 19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்து, நகரம் வீங்கியதும், ஈட்டன் தன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வீடுகள் எழும்பச் செய்தது. தெருவுக்கு மன்னர் பெயர். மேட்டுக்குடிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு அந்த நிலத்திலிருந்து வருமானம்.

அந்தத் தெருவுக்குத்தான் ஒரு மகார் இளைஞர் வாடகைக்கு வந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1917இல், பரோடா அரசில் வேலைக்குப் போன அவருக்கு அந்த ஊரில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி பெயர் சொல்லி ஒரு பார்சி விடுதியில் தங்கினார். தடி ஏந்திய கும்பல் வந்து வெளியேற்றியது. கொலம்பியாவில் படித்துத் திரும்பியவருக்கு நேர்ந்தது இது. 1920இல் மீண்டும் கப்பல் ஏறியபோது கையில் இருந்தது ஆசிரியர் வேலையில் சேர்த்த பணமும், சாகு மகாராஜாவின் உதவியும், நண்பர் நவல் பாத்தேனாவிடம் வாங்கிய கடனும்.

லண்டனைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. வீட்டு வாடகையில் நிறப் பாகுபாட்டை அந்த நாட்டுச் சட்டம் தடை செய்ததே 1968இல்தான். அங்கே அண்ணல் அரைவயிறு உணவோடு நூலகத்தில் கிடந்து படித்தார். 1921இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் முதுநிலைப் பட்டம், 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம். முதுநிலை ஆய்வும் பிரிட்டிஷ் இந்தியாவின் நிதி நிர்வாகத்தைப் பற்றியதுதான். தலைப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே.

2015இல் மகாராஷ்டிர அரசு 30 லட்சம் பவுண்டுக்கும் மேல் கொடுத்து அந்த வீட்டை வாங்கியது. அந்த நவம்பரில் பிரதமர் மோடி போய்த் திறந்து வைத்தார். அக்கம்பக்கத்தார் இருவர் சத்தம் அதிகம் என்று முறையிட்டனர். குடியிருப்பை அருங்காட்சியகமாக மாற்றக் கூடாது என்று கேம்டன் நகராட்சி அனுமதி மறுத்தது. இந்தியத் தரப்பு மேல்முறையீடு செய்து, பொது விசாரணையில் வாதாடி, 2020 மார்ச்சில் அனுமதி பெற்றது. அண்ணலின் அறைக்காக நம் ஆட்சியாளர்கள் இவ்வளவு மெனக்கெட்டதில் எனக்குக் குறையே இல்லை. அந்த வீடு நம் கையில் இருக்க வேண்டியதுதான்.

ஆனால் அதே 2020 ஜூலையில் மும்பை தாதரில் அண்ணல் தன் நூல்களுக்காகவே பார்த்துப் பார்த்துக் கட்டிய ராஜகிருகம் தாக்கப்பட்டது. ஜன்னல் கண்ணாடியும் பூந்தொட்டிகளும் உடைந்தன.

இதைவிடப் பெரிய அடி காகிதத்தில் விழுந்தது. பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசு தரும் தேசிய உதவித்தொகை ஒன்று உண்டு. ஆண்டுக்கு மொத்தமே 125 இடங்கள். 2022இல் அதன் விதிகளில் ஒரு வரியைச் சேர்த்தார்கள்: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் குறித்த ஆய்வுகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது. இந்தியாவைப் பற்றிப் படிக்க வெளிநாடு எதற்கு, இங்கேயே வேண்டிய நூல்கள் இருக்கின்றனவே என்றார்கள்.

கொலம்பியாவில் 1916இல் அண்ணல் படித்த கட்டுரை எதைப் பற்றியது? இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின என்பதைப் பற்றி. அக்கட்டுரையோடு இன்று ஒரு சேரிப் பிள்ளை விண்ணப்பித்தால், அவருக்கு அரசு சொல்லும் பதில் என்ன? சாதியைப் பற்றி ஆய்வு செய்ய வேண்டுமா, உன் பல்கலைக்கழகத்திலேயே இரு. அந்தப் பல்கலைக்கழகத்தில் வழிகாட்டி யார், நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் யார், அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்பதெல்லாம் விண்ணப்பித்தவருக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் கேட்ட அதே கேள்வியைத்தான் அரசும் கேட்கிறது, கொஞ்சம் நாகரிகமான தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும். விதியிலிருந்து அந்த வரியை நீக்கச் சொல்லி எழுதுங்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் ஏப்ரல் 14 அன்று சிலைக்கு மாலை போட வருவார், அங்கேயே கேளுங்கள்.