நாகவல்லியின் அறையும் கம்பரின் கலைமகளும்

பிரித்தானியாவில் வாழும் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் எமக்கொரு கடிதம் விடுத்திருந்தார். எடின்பரோ நகரிலிருந்து காலையிற் புறப்பட்டு மாலையில் மீளும் பஸ் வண்டியொன்றில் ஏறி, ஸ்கொட்லாந்து நாட்டுக் கோட்டைகள் சிலவற்றைக் குடும்பத்துடன் பார்த்து வந்ததாக எழுதியிருந்தார். கோட்டை பார்த்தல் புதிதன்று. ஆயின், அந்த வண்டி சரித்திரம் காட்டுவதற்கென ஓடும் வண்டியன்று. ‘அவுட்லாண்டர்’ என்னும் தொலைக்காட்சித் தொடர் எடுக்கப்பெற்ற இடங்களைக் காட்டுவதற்கென்றே ஓடுவது. வண்டியில் வழிகாட்டி ஒருவர் உண்டு. இம்முற்றத்தில் இன்ன காட்சி, இவ்வாயிலில் இன்ன காட்சி என அவர் சொல்லச் சொல்ல, பயணிகள் அவ்வவ்விடத்தில் நின்று படம் பிடித்துக்கொள்வர். “தமிழும் சரித்திரமும் கற்பித்த நீங்கள் இதனைக் கேட்டு நகைப்பீர்கள்” என்றும் அவர் எழுதியிருந்தார். கடிதத்தின் எஞ்சிய பகுதியைப் பின்னர்க் கூறுவாம்.

நகைப்பதற்கு எமக்கு உரிமையில்லை. அத்தகைய பயணமொன்றை யாமும் செய்து வந்தவரே.

ஆசிரியரும் மாணவருமாக முப்பதின்மர் தென்னிந்திய யாத்திரை சென்றிருந்தோம். நாகர்கோவிலில் தங்கிய நாளில், ஒருநாட் சுற்றுலா வண்டியொன்றில் இடம்பிடித்துத் தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையைக் காணச் சென்றோம். திருவிதாங்கூர் மன்னரின் பழைய தலைநகர் அது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிற்று. 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்த பின்னரும், அரண்மனை கேரள அரசின் பராமரிப்பிலேயே இருந்து வருகின்றது. கோட்டை மதிலுக்குள்ளே மரத்தாலான அம்மாளிகையின் அழகை ஒரு நாளிற் கண்டு முடித்தல் அரிது. பலாமரத்திற் கடைந்த தூண், நிறம் பூசிய அபிரகத் தகடுகளின் வழியே ஒளி புகும் மந்திரசாலை, முகம் பார்க்கலாம் போன்ற கருந்தரை, நவராத்திரி மண்டபத்தின் கற்றூண்கள் என ஒவ்வொன்றும் நின்று நோக்கத்தக்கவை.

நின்று நோக்கினோமல்லேம். வண்டியில் ஏறிய கணத்திலேயே மாணவி ஒருத்தி, “சந்திரமுகியின் அறை எது?” என வினவினாள். வழிகாட்டியாக வந்த இளைஞர் முறுவலித்து, அது சந்திரமுகியின் அறை அன்று, நாகவல்லியின் அறை என்று திருத்தினார். அதன்பின் எல்லார் வாயிலும் நாகவல்லியே. எந்தக் கதவு பூட்டப்பட்டிருந்தது, எந்தக் கூடத்தில் அவள் ஆடினாள், ‘வருஷம் 16’ என்ற படத்தின் குடும்பம் எந்த முற்றத்தில் அமர்ந்திருந்தது என்றெல்லாம் வினாக்கள் எழுந்தன. கேட்டதற்கெல்லாம் அவ்விளைஞர் இன்முகத்துடன் விடை பகர்ந்தார். அவரிடத்துக் குறை காண்பதற்கில்லை. கேட்டவர் நாம்; கேளாதொழிந்தவரும் நாமே. இதனை எழுதுகின்ற யாமும் அந்த அறை எதுவென எட்டிப் பார்த்தவருள் ஒருவர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

அந்தப் படத்தைக் குறைத்துப் பேசுதலும் எம் நோக்கமன்று. 1993இல் வெளிவந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ என்னும் மலையாளப் படம் அது. நாகவல்லி, தஞ்சையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆடல்மகளாகக் கதையில் வருகின்றாள். மலையாளப் படத்திற் சினந்து பேசும்பொழுது அவள் தமிழிலேயே பேசுகின்றாள். அவ்வேடம் தாங்கிய ஷோபனாவுக்கு இந்திய அரசின் தேசிய விருது கிடைத்தது. அக்கதையைத் தழுவி 2005இல் எடுத்த தமிழ்ப் படமே ‘சந்திரமுகி’. நல்ல கதை நல்ல கதைதான். ஆயினும் திரையில் ஒரே மாளிகையாகத் தோன்றுவது, பத்மநாபபுரத்திலும் திருப்பூணித்துறையிலுள்ள மலைமாளிகையிலும் எடுத்த காட்சிகளை ஒட்டி அமைத்தது. நாகவல்லி அங்கே வாழ்ந்தாளுமல்லள், மாண்டாளுமல்லள். இல்லாத ஒருத்தியின் அறையைத் தேடி, அங்கே மெய்யாகவே இருந்தவற்றைக் கடந்து போனோம் என்பதே எம் மனத்தை உறுத்துவது.

அங்கே இருந்தவை யாவை?

மாலையில் தக்கலைக் கடைத்தெருவில் தேநீர் அருந்த வண்டி நின்றது. கடைக்கார முதியவர் எம்மை ஈழத்தவர் என்றறிந்து மகிழ்ந்து, “சரசுவதி அம்மனைக் கும்பிட்டீர்களா?” எனக் கேட்டார். எந்தச் சரசுவதி என்றோம். அரண்மனையை ஒட்டிய தேவாரக்கெட்டுக் கோயிலில் உள்ள கலைமகள், கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது அந்நாட்டு மரபு. கம்பரிடமிருந்து சேர மன்னர் கைக்கு அது வந்ததென்றும், போற்றி வழிபடுவதாக மன்னர் வாக்களித்தார் என்றும் கூறுவர். இன்றும் ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னர் அத்திருவுருவம், வேளிமலை முருகனும் சுசீந்திரத்து அம்மனும் உடன்வர, மன்னரின் உடைவாள் முன்செல்லத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகின்றது. அங்கே அதன் திருமுன்னர் இசைவல்லார் பாடுவர். மரபுவழிச் செய்தியைச் சரித்திரமென்று சாதித்தல் ஆகாது. ஆயினும் முப்பது ஆண்டுகள் கம்பராமாயணம் கற்பித்த ஒருவர், கம்பரின் பெயரால் விளங்கும் கலைமகளின் வாயிலுக்கு அருகே நடந்து சென்று, நாகவல்லியின் அறையை வினவி மீண்டார் என்றால், அவரை என்னென்பது! கன்னியாகுமரியிற் கதிரவன் மறைவைக் காட்டுவதற்கு வண்டி விரைந்தது; திரும்பிச் செல்ல நேரமில்லை.

அப்பொழுது எம்முடன் வந்த சாய்ந்தமருது ஆசிரிய நண்பர் வண்டியை ஒரு கால் நாழிகையேனும் நிறுத்துமாறு வேண்டினார். ‘ஞானப்புகழ்ச்சி’ முதலாய நூல்களைத் தந்த பீர் முகம்மது அப்பா அடங்கிய இடம் அதே தக்கலையே. அவரது நினைவு விழாவில் ஞானப்புகழ்ச்சியை இரவெல்லாம் கூடியிருந்து ஓதுதல் அவ்வூர் வழக்கம். நண்பர் இளமையில் தம் பாட்டனார் வாயிலாகக் கேட்ட பாடல்கள் அவை. அவர் ஒருவரே அன்று தாம் காணவேண்டியது எதுவென்பதைத் தெரிந்து வந்தவர். நாமெல்லாம் அவர்பின் சென்று தருகாவின் வாயிலில் வணங்கி மீண்டோம்.

மூன்றாவதொன்றும் உண்டு. அரண்மனைக்கு அண்மையில் உதயகிரிக் கோட்டை இருக்கின்றது. அங்கே புதைக்கப்பட்டிருப்பவர் டி லனோய் என்னும் படைத்தலைவர். அவர் வரலாறு நம்மை நேரே தொடுவது. மட்டக்களப்புக் கோட்டையை அந்நாளில் ஆண்ட அதே ஒல்லாந்தக் கம்பனி, மிளகு வாணிகத்தின் பொருட்டு மார்த்தாண்ட வர்மருடன் பகைத்து, இலங்கையிலிருந்து படையை அனுப்பிக் குளச்சலில் இறக்கிற்று. 1741இல் அப்படை தோற்றது. சிறைப்பட்ட டி லனோய், வென்ற மன்னரிடமே பணி ஏற்று, அவர்தம் படையைப் பயிற்றி, கோட்டைகளை வலிதாக்கி, 1777இல் அந்நாட்டிலேயே மறைந்தார். அவர் கல்லறையில் இலத்தீன் மொழியோடு தமிழ் மொழியிலும் எழுத்துப் பொறித்துள்ளனர். ஐரோப்பியர் ஒருவரின் கல்லறையில் தமிழெழுத்து! நம் கீழ்க்கரைக்கும் அக்கரைக்கும் இடையே கடல் தந்த உறவை ஒரு கல்லில் காட்டியிருக்கலாம். வண்டி அவ்வழியாகவே சென்றது, ஒருவரும் இறங்கவில்லை.

“கதை ஓரிடத்திற் குடியேறுதல் குற்றமா?” என்று வாசகர் கேட்கலாம். குற்றமெனக் கூறும் தகுதி காரைதீவில் வாழும் எவர்க்கும் இல்லை. புகாரிற் பிறந்து மதுரையை எரித்த கண்ணகி நம்மூர் மணலில் நடந்தவளல்லள். ஆயினும் அவள் கதை கடல் கடந்து வந்து, கண்ணகை அம்மனாய் இங்கே கோயில் கொண்டிருக்கின்றது. வைகாசி மாதத்துக் குளிர்த்தியின்போது ஊர் முழுவதும் அவள் சினம் ஆறும் பொருட்டுக் கூடி நிற்கின்றது. மேலைநாட்டிலும் இஃது உண்டு. நம் விபுலாநந்த அடிகளார் ‘செகசிற்பியார்’ என்றழைத்து, ‘மதங்க சூளாமணி’யில் ஆராய்ந்த அந்நாடகப் புலவர், ஹம்லட்டின் கதையை டென்மார்க்கிலுள்ள எல்சினோரில் நிகழ்த்தினார். அங்குள்ள குரொன்போர்க் கோட்டையில் 1816 முதல் அந்நாடகத்தை நடித்து வருகின்றனர். காண்பதற்கு உலகெங்கிருந்தும் மக்கள் செல்கின்றனர். கதையால் இடமும், இடத்தால் கதையும் பெருமை பெறுதல் தொன்றுதொட்ட வழக்கம்.

ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. கண்ணகை அம்மன் முன்னிலையில் நிற்கும் நம்மூர்ப் பாட்டிக்கு, அம்மன் எங்கிருந்து வந்தவள், எதனாற் சினந்தாள் என்பதெல்லாம் தெரியும். வந்த கதையை வந்த கதையென்றே அறிந்து போற்றுகின்றாள். அதன் பொருட்டுத் தன் ஊரின் கதையை அவள் மறந்ததில்லை. படக்காட்சி தேடிச் செல்லும் பயணமோ, வந்த கதையை வைத்து, இருந்த கதையை வெளியேற்றிவிடுகின்றது.

இதன் கேட்டை நம் நாட்டிலேயே காணலாம். ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ என்னும் புகழ்பெற்ற படம் 1957இல் வெளிவந்தது. படத்தில் வருவது சயாம் நாட்டு ஆறு. எடுத்ததோ நம் கித்துல்கலையில், களனி கங்கைக் கரையில். படத்திற்காகக் கட்டித் தகர்த்த பாலத்தின் அடித்தளத்தைக் காண இன்றும் பயணிகள் செல்கின்றனர். மெய்யான சயாம்–பர்மா இரயிற்பாதை 1942, 1943ஆம் ஆண்டுகளில் யப்பானியப் படையினரால் இடப்பட்டது. அங்கே போர்க் கைதிகளோடு, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் பசியாலும் வாந்திபேதியாலும் அடியாலும் மாண்டனர். படத்தின் கதை பிரித்தானியக் கைதிகளைப் பற்றியது. தமிழ்த் தொழிலாளருக்கு அதில் இடமில்லை. தமிழ் வழங்கும் நாடொன்றில் எடுத்த படத்தின் தடத்தைத் தேடிச் செல்லும் நாம், அம்மக்களை ஒருகணம் நினையாது, ஆற்றில் நீராடி மீள்கின்றோம். வாய்விட்டுச் சொல்வார் இல்லையெனின், மாண்டவர் மீண்டும் ஒருமுறை மாள்கின்றனர்.

இனி, அம்மாணவரின் கடிதத்தில் எஞ்சியதைக் கூறுவாம். அவர் சென்ற கோட்டைகளுள் ஒன்று டூன் கோட்டை. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. தொலைக்காட்சித் தொடருக்கு முன்னரே, மொன்ரி பைதன் குழுவினர் 1975இல் வெளியிட்ட நகைச்சுவைப் படமும் அங்கே எடுக்கப்பெற்றது. கோட்டைக்குள் நுழைவோர் காதிற் பொருத்திக் கேட்பதற்கு ஒரு கருவி தருகின்றனர். அதிற் பேசும் குரல், அந்த நகைச்சுவைப் படத்தை இயக்கியவருள் ஒருவராகிய டெரி ஜோன்ஸின் குரல். படத்தின் செய்திகளையும் அவர் சொல்கின்றார். கோட்டையை எழுப்பியவர் யார், அடுக்களை எங்கே, மன்றம் எங்கே என்பவற்றையும் அவரே சொல்கின்றார். “படம் பார்க்கச் சென்ற என் பிள்ளைகள் சரித்திரம் கேட்டு வந்தார்கள்” என்று முடித்திருந்தார் மாணவர். படத்தின் புகழை வாயிலாக வைத்து, உள்ளே மெய்ம்மையை விருந்திட்டிருக்கின்றனர். நாம் கற்கவேண்டிய முறை இதுவே.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. மட்டக்களப்பிற் புளியந்தீவிலே, வாவியின் ஓரத்தில் ஒரு கோட்டை நிற்கின்றது. 1628இற் போர்த்துக்கேயர் கட்டினர். 1638இல் கண்டி மன்னரின் துணையோடு ஒல்லாந்தர் கைப்பற்றினர். கல்முனைப் பகுதிப் பாடசாலைகளிலிருந்து ஒருநாளிற் சென்று மீளலாம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரே ஆசிரியர் மாணவரிடம் சில வினாக்களை ஒப்படைத்தல் வேண்டும். இதனைக் கட்டியவர் யார்? எதற்காகக் கட்டினார்? கல் சுமந்த கைகள் எவருடையவை? சுற்றிலும் வாழ்ந்த மக்கள் எதனைப் பாடினர்? பின்னர் இவ்விடத்தைப் பற்றி எழுந்த கதைகள் யாவை? ஐந்தாவது வினாவை விலக்கவேண்டியதில்லை. முதல் நான்கையும் அது விழுங்காதிருந்தாற் போதும். விடைகளை மாணவரே தொகுத்து, நல்ல தமிழில் நான்கு பக்கம் எழுதி, கோட்டைக்குள் ஒருவர்க்கொருவர் வழிகாட்டிகளாக நின்று உரைக்கட்டும். நாளை அவர்களுள் ஒருவர் சுற்றுலா வழிகாட்டியாகவும் வரலாம். அவர் வண்டியில் ஏறும் ஊரார் நற்பேறுடையர்.

சோதனை நம் வாயிலிலேயே காத்திருக்கின்றது. நாளை வெளியூரார் ஒருவர் காரைதீவுத் தெருவில் வண்டியை நிறுத்தி, “இங்கே பார்க்கத்தக்கது யாது?” என்று ஒரு சிறுவனைக் கேட்டால், யாழ்நூல் தந்த அடிகளார் பிறந்த இல்லத்துக்கு அவன் அவரை அழைத்துச் செல்வானா? கண்ணகை அம்மனின் கதையைத் தடுமாறாது சொல்வானா? அதற்குரிய விடையை அவனுக்குக் கற்பித்துவிட்டோமா என்பதை ஆசிரியராகிய நாம் முதலிற் கேட்டுக்கொள்வோமாக. எம்மைப் பொறுத்தவரையில் ஒரு கடன் எஞ்சியிருக்கின்றது. மறுமுறை பத்மநாபபுரம் செல்ல வாய்க்குமாயின், முதலிற் கலைமகளின் வாயிலில் நின்று பொறை வேண்டிய பின்னரே அரண்மனைக்குள் அடியெடுத்து வைப்போம்.