ரெண்டு வருசம் பூட்டினால் திருந்திவிடுவானா?

"ஏழு நாள், இருபது நாள் படுக்கவைத்து அனுப்பும் மையங்களால் எவன் திருந்தினான்? ரெண்டு வருசம் உள்ளே போட்டால் பயம் தானாக வரும்" என்று போதைக்கு அடிமையான பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகளுக்கும் கிள்ளான் குடிகாரர்களுக்கும் சேர்த்து ஒரே வைத்தியத்தைத் தன் கட்டுரையில் எழுதியிருக்கிறார் நண்பர். அந்த வைத்தியத்தை நம் மலேசியா ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது என்பது அவருக்குத் தெரியாதா, தெரிந்தும் எழுதினாரா?

போதைப்பொருளுக்கு அடிமையானவரை ஈராண்டு மையத்தில் அடைத்து, மேலும் ஈராண்டு கண்காணிப்பில் வைக்க வழி செய்தது 1983ஆம் ஆண்டுச் சட்டம். அதன் பலனை இதே கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆராய்ந்து, 2017இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியிட்டார்கள். ஹெராயின் போன்ற அபின்வகைப் போதைக்கு அடிமையாகி, கட்டாய மையத்திலிருந்து வெளியே வந்தவர்களில் பாதிப்பேர் 31 நாளுக்குள் பழைய இடத்துக்கே போய்விட்டார்கள். தாமாக வந்து மெத்தடோன் என்னும் மாற்று மருந்தோடு சிகிச்சை பெற்றவர்களில் பாதிப்பேர் வழுக்க 352 நாளானது. இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி ஆட்களா என்று நண்பர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் மெச்சும் பயம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லையே, அதற்கு என்ன பதில்? இத்தகைய கட்டாய மையங்களை மூடுங்கள் என்று ஐ.நா.வின் 12 அமைப்புகள் 2012இலேயே சொல்லிவிட்டன.

குடிக்கு வருவோம். அந்த 1983 சட்டம் போதைப்பொருளுக்கானது. சம்சு என்னும் மலிவுச் சாராயம் குடிப்பவருக்காக அது வந்ததல்ல. வருடக்கணக்காகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் இரவு கை நடுங்கும், சட்டை நனைய வியர்க்கும், சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று துடைத்துக்கொண்டே இருப்பார். பேய் பிடித்துவிட்டது என்று துண்டால் கட்டிலோடு கட்டி எலுமிச்சம்பழம் சுற்றும் வீடுகள் இன்றும் உண்டு. அந்த நிலையில் ஆளே போய்விடலாம். நடுக்கத்துக்கு மருந்து, தயமின் ஊசி, ராத்திரி முழுக்க நாடி பார்க்க ஓர் ஆள்: இதற்குத்தான் அந்த ஏழு நாள். திருத்துவதற்கு அல்ல, சாகாமல் காப்பதற்கு. அதன்பிறகு வாராவாரம் தொடரவேண்டியது வேறு வேலை. அந்த வேலையைப் பற்றி நண்பர் மூச்சுவிடவில்லை.

அடுத்து நண்பர் தற்கொலைக்குத் தாவுகிறார். அதற்கு முயன்றவரைச் சீராட்டினால் இன்னொருவர் கிளம்புவாராம். குற்றவியல் சட்டம் 309ஆம் பிரிவு அப்படி முயன்றவருக்கு ஓராண்டுவரை சிறை என்று மிரட்டிக்கொண்டுதான் இருந்தது. கண்ட பலன், 'விஷத்தைத் தவறிக் குடித்துவிட்டான்' என்று ஆஸ்பத்திரியில் பொய் சொல்லும் குடும்பங்கள். 2023இல் நாடாளுமன்றமே அந்தப் பிரிவைத் தூக்கியெறிந்தது. அதை நண்பர் குப்பைத்தொட்டியில் தேடி எடுத்து வந்திருக்கிறார்.

போதாக்குறைக்கு 'நம் முன்னோர் கட்டுப்பாடு' வேறு. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, கள்ளுக்கடையை மூடு என்பது. அவர்கள் பூட்டச் சொன்னது கடையை, குடித்தவனை அல்ல.

தனியார் மையங்கள் காசு பறிக்கின்றன என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அவர் கட்டுரையில் உருப்படியானது அது ஒன்றுதான். லோரி ஓட்டுகிறவர் அந்தக் கட்டணத்துக்கு எங்கே போவார்? கிள்ளான் அரசு மருத்துவமனையில் குடிநிறுத்தச் சிகிச்சைக்கென்று கூடுதல் படுக்கை கேட்டு மனு எழுதட்டும், முதல் கையெழுத்து என்னுடையது.