எல்லை தாண்டினால் நுரையீரல் மாறுமா?

நுரையீரல் அளவீட்டில் இனவாரிச் சமன்பாடுகளைக் கைவிட்டு, இனம் பார்க்காத ஜிஎல்ஐ குளோபல் சமன்பாட்டையே எல்லோருக்கும் பயன்படுத்தும்படி அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி 2023-இல் பரிந்துரைத்தது. கருவிகளின் மென்பொருளும் அதற்கேற்ப மாறிவருவதால், நம் ஆய்வகங்கள் இனியும் முடிவெடுக்காமல் இருக்க முடியாது. இனத் திருத்தம் ஒழிய வேண்டும் என்பதே இந்த இதழின் நிலை. ஆனால் அதன் இடத்துக்கு வருவதைச் சோதிக்காமல் ஏற்பதற்கில்லை.

ஐரோப்பியருக்கான எதிர்பார்ப்பு அளவில் பத்து சதவீதத்தை வெட்டி, ‘இந்தியருக்கு இது போதும்’ என்று பல ஆண்டுகளாக அறிக்கை கொடுத்து வந்திருக்கிறோம். உயரம், வயது, பால் ஆகியவற்றுக்கு அப்பால் உயிர்ப்புத் திறனைக் குறைப்பவை எவை என்று நமக்குத் தெரியும்: குறைந்த பிறப்பு எடை, சிறுவயதுச் சத்துக்குறைவு, விறகடுப்புப் புகை, ஆறிய காசநோயின் வடு. இவற்றில் எதுவும் இனம் அல்ல. வறுமை பறித்ததை இயல்பு என்று எழுதிக்கொடுத்ததுதான் அந்த வெட்டு.

ஜிஎல்ஐ குளோபல் நான்கு மக்கள்பிரிவுகளின் தரவைச் சமன்செய்து உருவானது. அந்த நான்கில் இந்தியத் துணைக்கண்டம் இல்லை. நம்மிடம் இருப்பவையோ, சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தார் இளவயதினரிடம் எடுத்து 1990-இல் வெளியிட்ட அளவுகள், 2014-இன் வட இந்தியச் சமன்பாடுகள் போன்றவை. ஐம்பது வயதுக் கல்லுடைப்பாளிக்கு இவற்றில் எது பொருந்தும்?

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துக் கேரள–தமிழக எல்லைக் கிராமங்களில் இது ஏட்டுக் கேள்வி அல்ல. இங்கே வீடு ஒரு மாநிலத்திலும் வேலை மற்றொன்றிலும் இருப்பது சாதாரணம். 4.0 லிட்டர் எதிர்பார்க்கப்படும் ஒரு கல்குவாரித் தொழிலாளி 2.9 லிட்டர் ஊதுகிறார் என்று வையுங்கள். வெட்டு இல்லாத கருவியில் அவர் எஃப்விசி (முழுமூச்சாக ஊதி வெளியேற்றும் காற்றளவு) 72.5 சதவீதம், பாதிக்கப்பட்டவர். பத்து சதவீதம் வெட்டும் கருவியில் எதிர்பார்ப்பு 3.6 லிட்டராகச் சுருங்க, அவர் 80.6 சதவீதம், நலமானவர். களியக்காவிளையைத் தாண்டிய ஒரு பேருந்துப் பயணத்தில் அவர் நுரையீரல் குணமாகிவிடுவதில்லை. அச்சடித்த எண்தான் மாறுகிறது. இழப்பீடு கேட்டு நிற்பவரிடம் எதிர்த்தரப்பு தனக்குச் சாதகமான தாளைத்தான் நீட்டும்.

கல்தூசியால் வரும் சிலிக்கோசிஸ் 1948-இன் தொழிற்சாலைச் சட்டத்திலேயே அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. ராஜஸ்தான் 2019-இல் சிலிக்கோசிஸை உள்ளடக்கிய நிமோகோனியோசிஸுக்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. கேரளம் மூச்சுநோய்களுக்கான ஸ்வாஸ் கிளினிக்குகள் வழியாக ஸ்பைரோமெட்ரி என்ற இந்த ஊதும் பரிசோதனையைக் குடும்ப ஆரோக்கிய மையம்வரை கொண்டு வந்தது பெரிய காரியம். ஆனால் கருவி வாங்கும் ஒப்பந்தப்புள்ளிகளில் விலையும் உத்தரவாதமும் கேட்கப்படுவதைப் பார்த்திருக்கிறோம். உள்ளே எந்தச் சமன்பாடு இருக்கிறது என்று கேட்கப்பட்டு நாம் பார்த்ததில்லை. 1956-இல் தாலுகாக்களைப் பிரித்துக் கோடு போட அரசுகளால் முடிந்தது. அந்தக் கோட்டின் இருபுறமும் ஒரே அளவுகோல் வைக்க இன்னும் எத்தனை மனு எழுத வேண்டும்? குவாரிக்கு உரிமம் தரும்போது காட்டும் சுறுசுறுப்பை, அங்கே வேலைக்குச் சேருபவரின் முதல்நாள் ஸ்பைரோமெட்ரியில் ஏன் காட்டவில்லை? அந்த முதல் அளவு கையில் இருந்தால் எந்தச் சமன்பாட்டுச் சண்டையும் தேவையில்லை. அவரை அவரோடே ஒப்பிடலாம்.

அரசாணைக்குக் காத்திராமல் நாம் செய்யக்கூடியவை உண்டு. ஒவ்வொரு அறிக்கையிலும் அளந்த லிட்டரையும் சமன்பாட்டின் பெயரையும் இசட் ஸ்கோரையும் எழுதுவோம். 80 சதவீதக் கோட்டை விட்டு, இசட் ஸ்கோரில் −1.645 என்ற கீழ்வரம்புக்கு வருவோம். கண்டறிதலுக்கு ஜிஎல்ஐ குளோபலை வைத்துக்கொள்வோம்; ஆனால் அந்த எண்ணை மட்டும் காட்டி எவருடைய வேலையையும் பறிக்க இடம்தர வேண்டாம். இரண்டு பெரிய எஃப்விசிகளும் 150 மில்லிக்குள் ஒத்துவராத பரிசோதனையில் கையெழுத்திட வேண்டாம். சமன்பாட்டின் பெயர் இல்லாத அறிக்கை எந்த மருத்துவக் குழுவிலிருந்து வந்தாலும் திருப்பி அனுப்புங்கள். அந்தத் தாளை நம்பித்தான் ஒரு குடும்பம் வழக்காடப் போகிறது.