பழுது பார்த்தும் சூடு தணியாத என்ஜின்



கார் வைத்திருக்கும் இல்லங்களில் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. "பட்டறையில் விட்டோம், கேட்ட பணத்தையும் கொடுத்தோம். பத்து நாள் நன்றாக ஓடியது. மறுபடியும் என்ஜின் கொதிக்கிறது" என்பார்கள். பிறகு இன்னொரு பட்டறை, இன்னோர் உதிரிப்பாகம், இன்னொரு ரசீது. பாகங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பழுது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இவ்வாறு நேர்வது ஏன், அதன் மூலத்தைக் கண்டறிவது எவ்வாறு என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

முதலில் அடிப்படையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் எரிவதால் உண்டாகும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே வேலையாக மாறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி வெப்பமாகப் புகையோடு வெளியேறுகிறது. அல்லது என்ஜினைச் சுற்றி ஓடும் நீரில் சேர்கிறது. வாட்டர் பம்ப் அந்நீரைச் செலுத்துகிறது. நீர் ஏறத்தாழ 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை அடைந்ததும் தெர்மோஸ்டாட் வால்வு திறக்கிறது. உள்ளிருக்கும் மெழுகு உருகி விரிவதால் திறக்கும் எளிய கருவி அது. சூடான நீர் ரேடியேட்டருக்குச் சென்று, எதிர்க்காற்றாலும் விசிறியாலும் குளிர்ந்து திரும்புகிறது.

ரேடியேட்டர் மூடியும் வெறும் மூடியன்று. உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பது அதன் பணி. பல கார்களில் அவ்வழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோகிராம் அளவில் இருக்கும். அதனால் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய நீர் 120 டிகிரியை நெருங்கும் வரை கொதியாமல் நிற்கிறது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். உயரமான ஊர்களில் இதன் விளைவு இன்னும் கடுமையாகும். கடல் மட்டத்திற்கு 2,200 மீட்டருக்கு மேல் உள்ள உதகையில், திறந்த பாத்திரத்தில் நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் மறைந்திருந்த குறை மலையில் வெளிப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கோடை விடுமுறையில் ஒரு குடும்பம் பழைய காரொன்றில் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறுகிறது. பாதி வழியில் என்ஜின் கொதித்து ஆவி கிளம்புகிறது. ஊர் திரும்பியதும் முதல் பட்டறையில் ரேடியேட்டர் அடைப்பை நீக்குகிறார்கள். சூடு குறைகிறது, ஆனால் தீரவில்லை. இரண்டாவது பட்டறையில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். மூன்றாவது பட்டறையில் வாட்டர் பம்ப் புதிதாகிறது. ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் தொல்லையில்லை. நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓடினால் முள் சிவப்பைத் தொடுகிறது. வாரத்திற்கு அரை லிட்டர் நீர் குறைகிறது. வண்டி நிற்கும் தரையிலோ ஒரு சொட்டு ஈரமும் இல்லை.

முதல் பட்டறை செய்தது சரியான வேலைதான். மலையில் என்ஜின் கொதித்ததற்குக் காரணம் ரேடியேட்டர் அடைப்பே. ஆனால் கொதித்த அந்தச் சில நிமிடங்களில் என்ஜினின் அலுமினிய ஹெட் சிறிது வளைந்து, அதன் அடியிலுள்ள ஹெட் கேஸ்கட் ஓரிடத்தில் விட்டுவிட்டது. அந்த இடுக்கு வழியே எரிந்த வாயு நீர்ப்பாதைக்குள் நுழைந்து நீரை வெளியே தள்ளுகிறது. முதல் நோய் நீங்கிற்று. அந்நோய் விட்டுச்சென்ற இரண்டாம் நோய் உள்ளே இருக்கிறது. அதைத் தேடாமல் எத்தனை பம்ப் மாற்றினும் பயனில்லை.

ஆகவே பழுது பார்த்த பின்னும் சூடேறும் என்ஜினுக்கு மூன்று வகைக் காரணங்கள் இருக்கலாம். ஒன்று, மூலப்பழுதே நீங்காமல் இருப்பது. இரண்டு, பழுது பார்த்த வேலையே புதுக் குறையை உண்டாக்கியிருப்பது. மூன்று, முதலில் ஏறிய சூடு என்ஜினைக் கெடுத்திருப்பது. மூன்றில் எது என்று தெரியாமல் பாகங்களை மாற்றுவது, நோயறியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

மூலப்பழுதை அறிய, "எப்போது சூடேறுகிறது?" என்ற வினாவே முதல் வினா. போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது ஏறி, வேகமாகப் போகையில் இறங்கினால், குறை காற்றோட்டத்தில் இருக்கிறது. விசிறி, அதன் ரிலே, சுவிட்சு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னுள்ள ஏ.சி. கண்டென்சரில் தூசியும் சருகும் அடைத்துள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். நேர்மாறாக, நிற்கும்போது சரியாக இருந்து வேகத்திலும் ஏற்றத்திலும் சூடேறினால், குறை நீரோட்டத்திலோ என்ஜினுக்குள்ளோ இருக்கக்கூடும். உட்புறம் அடைத்த ரேடியேட்டர், இதழ் தேய்ந்த பம்ப், உறிஞ்சும் வேகத்தில் ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ், பழுதான ஹெட் கேஸ்கட் ஆகியவை இவ்வகையின. என்ஜின் இயல்பாக இருந்தும் முள் மட்டும் மேலே நின்றால், சென்சாரும் அதன் வயரும் பொய் சொல்கின்றனவா என்று அகச்சிவப்பு வெப்பமானியால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வகைக் குறைகள் சிறியவை, ஆனால் மிகுதியானவை. நீரை மாற்றும்போது உள்ளே காற்று தங்கிவிட்டால் அவ்விடத்தில் நீர் ஓடாது. பட்டறைகளில் இதை ஏர் லாக் என்பர். என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுதும் வைத்து, என்ஜினை ஓடவிட்டு, குமிழ் நின்ற பின்னரே நிரப்பி மூட வேண்டும். காற்று வெளியேறத் தனித் திருகு உள்ள வண்டிகளில் அதையும் தளர்த்த வேண்டும். மின்விசிறியின் வயர்களை மாற்றிப் பொருத்தினால், அது எதிர்த்திசையில் சுழன்று வரும் காற்றையே தடுக்கும். விசிறி ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் கார்களில், அது சுழலும்போது முன்புறம் ஒரு தாளைப் பிடித்தால் தாள் உள்நோக்கி ஒட்டிக்கொள்ள வேண்டும்; வெளியே பறந்தால் விசிறி தலைகீழாகச் சுழல்கிறது. தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடுவதும் நல்ல வைத்தியமன்று. சில என்ஜின்களில் அவ்வால்வு இல்லையெனில் சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியாகவே சுற்றிவரும்.

மூன்றாம் வகையான ஹெட் கேஸ்கட் பழுதை அறியச் சோதனைகள் உண்டு. நன்றாகக் குளிர்ந்த என்ஜினை, மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால், ரேடியேட்டர் வாயில் குமிழ்கள் இடைவிடாது வருகின்றனவா என்று பார்க்கலாம். மூடியிருக்கும்போது, குளிர்ந்த என்ஜின் ஓடத் தொடங்கிய ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் அதுவும் ஓர் அறிகுறி. உறுதி செய்ய ஒரு நீலத் திரவம் இருக்கிறது. நீரின் மேலுள்ள வாயுவை அதன் வழியே இழுக்கும்போது, எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். ஐயம் உறுதியானால் ஹெட்டைக் கழற்ற வேண்டும். கேஸ்கட்டை மட்டும் மாற்றுவது போதாது. நேரான எஃகுச் சட்டத்தை வைத்து ஹெட்டின் சமதளத்தை அளந்து பார்க்க வேண்டும். பல சிறு கார்களுக்கு அனுமதிக்கப்படும் வளைவு 0.05 மில்லிமீட்டர் மட்டுமே. ஏறத்தாழ ஒரு தலைமயிரின் தடிமன். மீறினால் லேத் பட்டறையில் சமன் செய்த பின்னரே பொருத்த வேண்டும். போல்ட்டுகளையும் உரிய வரிசையில் உரிய அழுத்தத்திற்கு முறுக்க வேண்டும். நாம் எடுத்துக்காட்டாகக் கூறிய குடும்பத்தின் கார் இவ்வாறுதான் குணமாகும். கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட்டும் மீண்டும் இடம்பெற வேண்டும்.

இவை அனைத்திலும் முதன்மையானது உயிர்ப் பாதுகாப்பு. வழியில் முள் ஏறினால் ஏ.சி.யை அணையுங்கள், ஹீட்டரை முழுதும் திருப்புங்கள், ஓரமாக நிறுத்தி என்ஜினை அணையுங்கள். அரைமணி நேரமேனும் கழிந்து, மேல் ஹோஸ் கை பொறுக்கும் அளவிற்குக் குளிரும் வரை மூடியைத் தொடவே கூடாது. அவசரத்தில் திறந்தால், அழுத்தத்தில் அடங்கியிருந்த நீர் ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். அவ்வேளையில் குழந்தைகள் வண்டியின் முன்புறம் நிற்க வேண்டாம். கொதிக்கும் என்ஜினில் குளிர்நீர் ஊற்றுவதும் தவறு. ஹெட் விரிசல் விடக்கூடும்.

மேலும், ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். தயாரிப்பாளர் கூறும் கூலண்ட்டையும் காய்ச்சி வடித்த நீரையும் குறித்த அளவில் கலந்து ஊற்றுவதே முறை. பொதுவாக வழங்கும் கூலண்ட் எத்திலீன் கிளைக்கால் கொண்டது. இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. அதைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். வீட்டுக் கணக்கு எழுதும் நோட்டில் காருக்கென ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்த நாளில் எவ்வளவு நீர் ஊற்றினோம், எத்தனை கிலோமீட்டர் ஓடிய பின் சூடேறியது, நின்றபோதா ஓடியபோதா, எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பனவற்றைக் குறித்து வையுங்கள். பட்டறைக்குச் செல்லும்போது, "எதை மாற்ற வேண்டும்?" என்று கேட்பதற்கு முன், "எந்தச் சோதனையில் அதைக் கண்டீர்கள்?" என்று பணிவோடு கேளுங்கள். நல்ல மெக்கானிக் அக்கேள்வியால் மனம் வருந்த மாட்டார்; மகிழ்ந்து காட்டுவார். காட்ட இயலாதவரிடம் பணத்தைக் கொடுக்குமுன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பாருங்கள். அது உங்கள் உழைப்பின் பணம். அந்தக் காரில் ஏறுபவர்கள் உங்கள் பிள்ளைகள்.