கைகள் பேசும் இல்லம்

காது கேளாத பிள்ளை பிறந்துவிட்டால், மருத்துவம் பற்றியும் அதற்கு ஆகும் செலவு பற்றியும் பேச உறவினர் பலர் வருவர். அப்பிள்ளையோடு வீட்டார் எந்த மொழியில் பேசுகின்றனர் என்று கேட்போர் மிகச் சிலரே. இத்தகைய குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர், நன்கு காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். தாயின் மொழி காதில் விழாது. கண்ணுக்குரிய மொழியோ தாய்க்குத் தெரியாது.

பெருநாள் விருந்தை எண்ணிப் பாருங்கள். சஹனைச் சுற்றி அமர்ந்து எல்லோரும் சிரிக்கின்றனர். என்னவென்று ராத்தாவின் கையைத் தொட்டுக் கேட்கிறது பிள்ளை. "ஒன்றுமில்லை, பிறகு சொல்கிறேன்" என்பதே விடை. அந்தப் 'பிறகு' வருவதேயில்லை. சோறு, தண்ணீர், வா, போ என்று வீட்டார் தாமாக வகுத்துக்கொண்ட சில சைகைகளோடு மட்டும் வளரும் பிள்ளை, பசியைச் சொல்லிவிடும். பள்ளியில் தன்னை ஒருவர் அச்சுறுத்தியதை எங்ஙனம் சொல்லும்?

இங்குதான் கைப்பேசி உதவிக்கு வருகிறது. மத்திய அரசு 2015இல் புதுடில்லியில் நிறுவிய இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம், 2018இல் 3,000 சொற்களுக்கான காணொளி அகராதியை வெளியிட்டது. 2021 பிப்ரவரியில் அது 10,000 சொற்களாக விரிந்தது. 2022 செப்டம்பர் 23, சர்வதேசச் சைகை மொழிகள் தினத்தன்று, அச்சொற்களைக் கொண்ட 'சைன் லேர்ன்' என்னும் செயலி வெளியாயிற்று. ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒரு சொல்லைத் தேடினால், அதற்குரிய சைகையைக் கண்டு பழகலாம். வெளியானபோது தமிழில் தேடும் வசதி அதில் இடம்பெறாதது நமக்குக் குறையே. பள்ளி செல்லும் அண்ணனோ அக்காளோ வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லைத் தேடித் தரலாம்.

வேறு செயலிகளை நாடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றுள் பல அமெரிக்கச் சைகை மொழியைக் கற்பிப்பவை. அங்கு ஆங்கில எழுத்துகளை ஒரு கையால் காட்டுவர். இந்தியாவில் இரு கைகளாலும் காட்டுவர். ஆறு மாதம் பழகிய பின்னர், பிள்ளையின் பள்ளியில் புழங்குவது வேறு மொழி என்று அறிந்தால் உழைப்பு வீணாகும்.

செயலி சொற்களைத் தரும், உரையாடலைத் தராது. வினாச் சொல்லும் 'இல்லை' என்பதும் இந்தியச் சைகை மொழியில் பெரும்பாலும் இறுதியில் வருகின்றன. 'புத்தகம் எங்கே' என்று பேசும் தமிழருக்கு இது ஆங்கிலேயரைவிட எளிது! புருவமும் முகக்குறிப்பும் இம்மொழியின் இலக்கணத்தைச் சேர்ந்தவை. ஆகவே, காது கேளாத பெரியவர் ஒருவர் அருகில் இருப்பின், அவரை இல்லத்திற்கு அழைத்துப் பழகுவது எந்தச் செயலியினும் மேலானது.

'கையால் பேசினால் வாயால் பேச வராது' என்ற அச்சம் பழையது. 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, பள்ளிகளிலிருந்து சைகை மொழியை விலக்கத் தீர்மானித்தது. 2010இல் வான்கூவரில் கூடிய மாநாடு அத்தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட பிள்ளைக்கும், உறங்கும்போது வெளிக்கருவியைக் கழற்றிய பின் கைமொழியே துணை. ஊரார் பார்ப்பார்களே என்று சிலர் கூசுகின்றனர். நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் மூன்று நாட்கள் மக்களோடு சைகையாலேயே பேசியதைத் திருமறையில் ஓதுகின்ற நமக்கு இந்தக் கூச்சம் ஏன்?

பல வீடுகளில் தாய் மட்டுமே கற்கிறார். மற்றவர்கள் அவரிடம் மொழிபெயர்ப்புக் கேட்கின்றனர். என்னைக் கேட்டால், செயலி முதலில் இடம்பெற வேண்டியது அத்தாவின் கைப்பேசியில்தான். அவர் வளைகுடாவில் பணிபுரிபவராயின் இன்னும் அவசியம். மற்றப் பிள்ளைகள் அவர் குரலைக் கேட்டு மகிழ்கையில், இப்பிள்ளைக்கு வாய்ப்பது காணொளி அழைப்பு ஒன்றே. வாரம் பத்துச் சொற்களை இரு புறமும் கற்றுவந்து, வெள்ளிக்கிழமைகளில் பேசிப் பார்க்கலாம். முகத்தில் நல்ல வெளிச்சம் விழட்டும். கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொள்ளாமல் எதன்மீதாவது சாய்த்து வையுங்கள். பேசுவதற்கு இரு கைகளும் வேண்டும்.