நிற்க வைக்கப்படும் கால்கள்

நரம்புச் சுருட்டல் என்று நாம் சொன்னாலும் அது நரம்பு நோயல்ல, இரத்தக் குழாய் நோய். காலிலிருந்து இரத்தத்தை மேலே ஏற்றும் சிரைகளுக்குள் சிறு கதவுகளைப் போல வால்வுகள் உண்டு. அவை பழுதானால் இரத்தம் கீழேயே தேங்கும். சிரை புடைத்துச் சுருளும், கணுக்கால் கறுக்கும், கவனிக்காமல் விட்டால் ஆறாத புண்ணாகும். முன்பு காலைக் கீறிச் சிரையை உருவி எடுத்தார்கள். இப்போது ஊசித் துளை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, லேசராலோ ரேடியோ அலையாலோ உள்ளிருந்தே சுட்டு அடைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் காலை மட்டும் மரக்கச் செய்தால் போதும், அன்றே வீடு திரும்பலாம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013லேயே இதைத்தான் முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது.

நல்ல மருத்துவம்தான். வீடு திரும்பியவர் மறுவாரம் எங்கே போகிறார் என்பதுதான் நம் கேள்வி. நெடுநேரம் நிற்காதீர்கள் என்கிறார் மருத்துவர். நிற்பதற்காகவே சம்பளம் வாங்கும் துணிக்கடைப் பெண் அதை எப்படிக் கடைப்பிடிப்பார்?

பரம்பரை, பிள்ளைப்பேறு, உடல் எடை எல்லாமே இந்நோய்க்குக் காரணங்கள். நிற்பதும் ஒரு காரணம். யார் நிற்பது என்பதில் இங்கே சாதிக்குப் பங்குண்டு. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நூற்பாலைகளில் அடைக்கப்பட்ட இளம்பெண்களில் பெரும்பகுதி தலித் வீட்டுப் பிள்ளைகள். நின்று வேலை செய்பவருக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவே சொன்னது. கடை ஊழியருக்கு அந்த உரிமை கிடைக்க 2021 வரை ஆனது. கேரளத்தில் 2018இல் வந்ததும் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் போராடிய பிறகுதான்.

சட்டத்துக்கு இங்கே பயப்படுவார்களா? 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் ஊராட்சித் தலைவரையே தரையில் உட்கார வைத்தார்கள். தலைவருக்கே நாற்காலி தராத ஊரில், கூலிக்காரிக்கு முதலாளி தானாக முக்காலி போடுவார் என்று நம்ப முடியவில்லை.

ஆகவே புண் வருவதற்கு முன்பே அரசு மருத்துவமனையில் ஸ்கேனும் இந்தச் சிகிச்சையும் இலவசமாகக் கிடைக்க வேண்டும், ஓய்வு நாட்களுக்குச் சம்பளம் வேண்டும். தொழிலாளர் ஆய்வாளர் கடைக்குள் நுழைந்தால் கணக்குப் புத்தகத்தோடு முக்காலிகளையும் எண்ணட்டும். அவற்றில் உட்காரும் பெண்ணை மேற்பார்வையாளர் முறைக்கிறாரா என்றும் கேட்கட்டும்.