நட்சத்திரத்தை எண்ணாதீர்கள், யூனிட்டைப் பாருங்கள்

சம்பா நெல்லைப் போட்டுப் பணம் கைக்கு வந்ததும், தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் ஃப்ரிட்ஜ் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை ஸ்டார்?” என்பதுதான். மகளுக்குச் சீர் வைப்பவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். ஸ்டார் கூடினால் கரண்ட் பில் குறையும், ஆகவே ஐந்து ஸ்டார் இருந்தால் எவ்வளவு பெரிய ஃப்ரிட்ஜும் வாங்கலாம் என்பது ஊரறிந்த நம்பிக்கையாகிவிட்டது. இது தவறான நம்பிக்கை. சிக்கனம் என்று எண்ணிக்கொண்டே தேவைக்கு மிஞ்சிய பெட்டியை வாங்கி, மாதாமாதம் கூடுதலாகச் செலவழிக்க வைக்கும் நம்பிக்கை.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2006இல் இந்த நட்சத்திர முத்திரையைக் கொண்டுவந்தது. உறைபனி படியாத வகை ஃப்ரிட்ஜ்களுக்கு 2010இல் அது கட்டாயமானது. நட்சத்திரம் சொல்வது ஒன்றே ஒன்று: அதே வகையில், அதே கொள்ளளவில் உள்ள மற்ற ஃப்ரிட்ஜ்களைவிட இது எவ்வளவு திறமையானது என்பது. பெட்டி பெரிதாக ஆக, அதற்கு அனுமதிக்கப்படும் யூனிட்டும் கூடும். அதனால் அதிக ஸ்டார் உள்ள பெரிய இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ், குறைந்த ஸ்டார் உள்ள சிறிய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜைவிட அதிக மின்சாரம் இழுக்க முடியும். உறைபனி படியாத வகையில், பனியை உருக்கும் ஹீட்டருக்கும் குளிர்காற்றைச் சுழற்றும் விசிறிக்கும் தனியே மின்சாரம் வேண்டும். முத்திரையை ஒட்டி நின்று பாருங்கள்: நட்சத்திரங்களுக்குக் கீழே ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற எண் இருக்கிறது, கொள்ளளவும் முத்திரை எந்த ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதும் இருக்கின்றன. பில்லைத் தீர்மானிப்பது அந்த யூனிட் எண். அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், பழைய முத்திரையின் ஐந்தும் இன்றைய ஐந்தும் ஒன்றல்ல.

“100 யூனிட் இலவசம்தானே, இதற்கெல்லாம் கணக்குப் பார்ப்பதா?” என்று கேட்பார்கள். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது உண்மை. ஆனால் விளக்கும் விசிறியும் மிக்ஸியும் கிரைண்டரும் அதைத் தின்றுவிட்ட வீட்டில், ஃப்ரிட்ஜ் இழுக்கும் கூடுதல் யூனிட் ஒவ்வொன்றும் கட்டணத்தின் மேல்படியில்தான் விழும். மொத்தம் 500ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளின் சலுகையும் குறைகிறது. இரவுபகலாக ஓடும் சாதனம் என்பதால், வாங்கும் அன்று செய்த பிழை அது இருக்கும் ஆண்டுகள் முழுக்கத் தொடரும்.

“ஐந்து ஸ்டாருக்குப் பயனே இல்லையா?” என்றால், இருக்கிறது. ஒரே வகையில், ஒரே கொள்ளளவில் இரண்டு நின்றால் அதிக ஸ்டார் உள்ளதையே எடுங்கள். “பெரிய குடும்பம், விருந்தாளி வருவார்கள்” என்பதும் நியாயமே. ஆனால் வருடத்தில் சில நாள் வரும் கூட்டத்துக்காக வருடம் முழுவதும் வெற்றிடத்தைக் குளிரவைப்பது வீண். இட்லி மாவு, தயிர், பால், இரண்டு நாள் காய்கறி, கொஞ்சம் மீன்: நாலைந்து பேர் வீட்டுக்கு இதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதே முதல் கேள்வி. வாங்கியதை வைக்கும் இடமும் முக்கியம்: அடுப்புக்குப் பக்கத்திலோ சுவரோடு ஒட்டியோ வைத்தால் வெப்பம் வெளியேற வழியின்றி கம்ப்ரஸர் அதிக நேரம் ஓடும். டெல்டாவின் சித்திரை வெயிலில் இது இன்னும் மோசமாகும். ஆகவே தேவையான லிட்டர், ஆண்டு யூனிட், அதன் பிறகே நட்சத்திரம் என்ற வரிசையில் கேளுங்கள். கடைக்காரர்களும் விலைச்சீட்டில் யூனிட் எண்ணைப் பெரிதாக எழுதி வைக்கட்டும். வாங்குபவர் கேட்கத் தொடங்கினால் எழுதித்தான் ஆகவேண்டும்.